இயல்பாக எழும் உந்துதலை நெறி பிறழாமல் கையாள்வது எப்படி?

உடன் பணிபுரிபவருக்குப் பாராட்டு கிடைக்கும்போது உள்ளுக்குள் ஒரு புகைச்சல் கிளம்புவதும், எதிர்த்துப் பேசியவரை அப்போதே வாயடைக்கச் செய்ய வேண்டும் என்று நாக்கு துடிப்பதும், தனக்கு உரியதல்லாத ஒன்றின்மேல் கண் போவதும், மற்றவர் காத்திருக்கத் தன் பிள்ளைக்கு மட்டும் முதலிடம் கிடைத்தால் தேவலை என்று தோன்றுவதும் மனிதராய்ப் பிறந்த எவருக்கும் நேர்பவை. இவற்றைச் சந்திக்கும்போது நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். "இது இயற்கைதானே, இதில் என்ன தவறு" என்று சொல்லி எண்ணத்தோடு சேர்த்துச் செயலுக்கும் அனுமதி கொடுத்துவிடுவது ஒன்று. "இப்படி ஓர் எண்ணம் எனக்கு எப்படி வரலாம், நான் மோசமானவன்" என்று எண்ணத்தையே குற்றமாக்கித் தன்னைத் தண்டித்துக்கொள்வது மற்றொன்று. பார்வைக்கு எதிரெதிராகத் தெரியும் இவ்விரு முடிவுகளும் ஒரே பிழையிலிருந்து பிறக்கின்றன. உந்துதலும் செயலும் ஒன்றுதான் என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதும், பிரித்த பிறகு நடந்துகொள்ள வேண்டிய முறையும்தான் இங்கே விளக்கப்படுகின்றன. நம்மைத் தடுக்க ஆளில்லாத இடத்தில்தான் இந்தப் பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகையால் அந்தப் பகுதியில் சற்று நின்று பேசுகிறேன்.

பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

நீங்கள் எதிர்பார்த்திருந்த பதவி உடன் பணிபுரியும் ஒருவருக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்தி காதில் விழுந்ததும் வயிற்றில் ஏதோ இறுகுகிறது. அதை நீங்கள் வரவழைக்கவில்லை. வேண்டாம் என்றாலும் அது வந்திருக்கும். அடுத்த கணமே, "அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியாதா" என்ற எண்ணம் வந்து நிற்கிறது. அதுவும் அழையாமல் வந்ததுதான். மாலையில் வீடு திரும்பும்போது அதே எண்ணத்தை நீங்களாகவே மீண்டும் எடுத்து, அவர் முன்பு செய்த சிறு தவறுகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, அவர் தகுதியற்றவர் என்ற வழக்கை மனத்துக்குள் கட்டத் தொடங்குகிறீர்கள். இங்கேதான் உங்கள் பங்கு ஆரம்பமாகிறது. இரவு கைபேசியை எடுத்து, மூன்றாம் நபர் ஒருவருக்கு, "உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா" என்று தட்டச்சு செய்யும்போது அந்தப் பங்கு செயலாக மாறிவிடுகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியல்ல, எல்லா எண்ணத்துக்கும் பொறுப்புண்டு என்று சொல்வதும் சரியல்ல. தானாக வந்த எண்ணத்துக்கு நாம் பொறுப்பில்லை. நாமே மீண்டும் மீண்டும் அழைத்து உட்காரவைத்து உபசரிக்கும் எண்ணத்துக்குப் பொறுப்புண்டு. ஆகவே உங்களுக்குள் ஏதேனும் ஓர் உந்துதல் எழும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இது நல்லதா, கெட்டதா" என்பதல்ல. "இது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது" என்பதுதான். தானாக வந்ததா, நான் வளர்த்துக்கொண்டிருக்கிறேனா, ஏற்கெனவே சொல்லிலோ செயலிலோ வெளிப்பட்டுவிட்டதா என்று பார்த்தால், எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

கூடவே உந்துதலுக்குச் சரியான பெயரைச் சூட்டுங்கள். "அவர் திமிர் பிடித்தவர்" என்பது உங்கள் உந்துதலின் பெயரல்ல. அது அவரைப் பற்றிய தீர்ப்பு. "எனக்குப் பொறாமையாக இருக்கிறது", "எனக்கு அவமானமாக இருக்கிறது", "என்னைப் பொருட்படுத்தவில்லையே என்று வலிக்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தவர், சிக்கலை அடுத்தவரிடமிருந்து தன்னிடம் கொண்டுவந்துவிடுகிறார். இது கூச்சமளிப்பதுதான், சினம் என்று ஒப்புக்கொள்பவர்கள்கூடப் பொறாமை என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குள் சொன்னால் போதும்.

"இயற்கைதானே" என்ற வாதத்தை எடைபோடுங்கள்

உலகம் இப்படி இருக்கிறது என்று விவரித்துக்கொண்டே வந்து, இடையில் எந்த விளக்கமும் இல்லாமல், ஆகவே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தாவிவிடுகிறார்கள் என்பதை ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1740இல் வெளிவந்த தம் எழுத்தில் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கடந்த பிறகும் நாம் அன்றாடம் அதே தாவலைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். "ஆண்கள் என்றால் அப்படித்தான்", "வலியவர் மெலியவரை மிதிப்பது உலக வழக்கம்", "தாய்க்குத் தன் பிள்ளைதானே பெரிது" என்றெல்லாம் சொல்லும்போது, ஒன்று ஏன் நிகழ்கிறது என்பதற்கான விளக்கத்தை, அது சரி என்பதற்கான சான்றிதழாக மாற்றிவிடுகிறோம். ஒரு செயலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது வேறு, அதை நியாயப்படுத்துவது வேறு.

இந்த வாதத்தை யாரேனும் உங்களிடம் முன்வைத்தாலோ, நீங்களே உங்களிடம் முன்வைத்துக்கொண்டாலோ, எதிர்த்திசையிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அடிக்கத் தோன்றுவது இயற்கை என்றால், அடிபட்டவரைப் பார்த்துப் பதறுவதும் இயற்கைதான். எட்டாத தொலைவில் பெரியவர் ஒருவர் தவறவிட்ட பொருளை எடுக்க முடியாமல் தடுமாறுவதைக் கண்டால், ஒன்றரை வயதுக் குழந்தைகள் யாரும் சொல்லாமலேயே எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று ஃபெலிக்ஸ் வார்னக்கன், மைக்கேல் டோமசெல்லோ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாராட்டோ பரிசோ எதிர்பார்த்து அவர்கள் அதைச் செய்யவில்லை. இயற்கை நம்மிடம் இரு வகை உந்துதல்களையும் வைத்திருக்கும்போது, அவற்றுள் எதைப் பின்பற்றுவது என்ற கேள்விக்கு "இயற்கை" என்பது பதிலாக இருக்கவே முடியாது. அதேபோல், இயற்கைக்கு மாறானது என்ற ஒரே காரணத்தால் ஒன்று தீயதாகிவிடுவதும் இல்லை. கண்ணாடி அணிவதும் மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்வதும் இயற்கையில் இல்லாதவையே.

ஏற்கத்தக்கதா என்று சோதிப்பது

எழுந்த உந்துதலின்படி நடக்கலாமா என்று முடிவு செய்வதற்கு நான் பரிந்துரைப்பவை சில கேள்விகள். இதனால் யாருக்கு என்ன இழப்பு நேரும், அந்த இழப்பைச் சுமப்பவர் அதற்கு மனமுவந்து இசைந்திருக்கிறாரா? நானும் அவரும் இடம் மாறி நின்றால் இதே செயலை நான் முறை என்று ஒப்புவேனா? அவரால் எனக்கு மறுப்புச் சொல்ல முடியுமா, சொன்னால் அவருக்குத் தீங்கு நேராமல் இருக்குமா? செய்த பிறகு இதைச் சம்பந்தப்பட்டவரிடமே ஒளிக்காமல் சொல்ல என்னால் முடியுமா? இந்தக் கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு நேராகப் பதில் சொல்ல முடியாமல் மனம் நழுவுகிறது என்றால், அந்த நழுவலே போதுமான எச்சரிக்கை.

மணமான ஒருவருக்கு வேறொருவர்மேல் ஈர்ப்பு ஏற்படுவதை இக்கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். ஈர்ப்பு ஏற்பட்டது யாருக்கும் இழப்பில்லை. ஆனால் அந்த நபரோடு தனியாகப் பேசும் வாய்ப்புகளைத் தேடிக்கொள்வதும், பேசியதை அழித்துவிடுவதும், வாழ்க்கைத் துணை கேட்டால் பேச்சை மாற்றுவதும், இரண்டாம் கேள்வியிலும் நான்காம் கேள்வியிலும் சிக்கிக்கொள்கின்றன. ஈர்ப்பைக் குற்றமாகக் கருதி வதைத்துக்கொள்ளத் தேவையில்லை; ஒளித்துச் செய்ய வேண்டியிருப்பது எதுவோ அதை நிறுத்தினால் போதும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஊரார் முகஞ்சுளிப்பதெல்லாம் நெறியற்றதாகிவிடாது; ஊரார் தலையாட்டுவதெல்லாம் நெறியுமாகிவிடாது. துயரம் வந்தபோது ஓர் ஆண் வாய்விட்டு அழுவதைச் சிலர் இழிவாகப் பார்க்கலாம், அதனால் அழுகை தவறாகிவிடவில்லை. தன்னைவிட எளிய நிலையில் இருப்பவரைக் கேலி பேசுவதைக் கேட்டு ஒரு கூட்டமே சிரிக்கலாம், அதனால் கேலி சரியாகிவிடவில்லை. ஆகவே உங்கள் உந்துதலைச் சோதிக்கும்போதே, அதைத் தடுக்கும் விதியையும் அதே கேள்விகளால் சோதியுங்கள். யாருக்கும் இழப்பு இல்லாத இடத்தில் நிற்கும் தடை, பெரும்பாலும் பழக்கமாகவோ அச்சமாகவோ இருக்கும்.

அருவருப்பு என்ற உணர்வுக்கு இந்த இடத்தில் தனி எச்சரிக்கை தேவை. அழுகிய பொருளிலிருந்தும் நோய்த்தொற்றிலிருந்தும் உடலைக் காக்க அது பெரிதும் உதவுகிறது. ஆனால் அதே உணர்வு மனிதர்கள்மேல் திரும்பும்போது, அது தன்னை அற உணர்வாகவே காட்டிக்கொள்கிறது. "பார்க்கவே குமட்டுகிறது, ஆகவே அவர்கள் தவறானவர்கள்" என்ற வாதத்தால் நோயாளிகளும், உடல் ஊனமுற்றவர்களும், தொழிலின் பெயரால் தாழ்த்தப்பட்டவர்களும் நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். மற்ற உந்துதல்களைச் சந்தேகிக்கும் நல்லவர்கள்கூட அருவருப்பைச் சந்தேகிப்பதில்லை, அதனாலேயே அது மிகுந்த தீங்கு செய்திருக்கிறது. ஒரு மனிதரைக் கண்டு உங்களுக்கு அருவருப்பு எழுந்தால், அவர் யாருக்கு என்ன தீங்கு செய்தார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அவரைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அந்தச் சில நொடிகளில் செய்ய வேண்டியது

நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய தாள்களை மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்கள். பிள்ளை ஓடிவந்து மேசையில் இடிக்க, தம்ளர் கவிழ்ந்து, தண்ணீர் எல்லாத் தாள்களிலும் பரவி மை கரைகிறது. முகம் சூடாகிறது, தாடை இறுகுகிறது, மூச்சு மேலேறுகிறது, கை உயரத் தொடங்குகிறது. அறநெறி பற்றிய எந்தச் சிந்தனைக்கும் அப்போது நேரமில்லை. அந்த நேரத்தில் சிந்திக்க முயலவும் வேண்டாம். உடலுக்கு வேறொரு வேலை கொடுங்கள். உயர்ந்த கையைத் தாள்களை நோக்கித் திருப்புங்கள், அவற்றைத் தூக்கி உதறுங்கள், துணியைத் தேடுங்கள். ஒரு நீண்ட மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளையைப் பற்றிப் பேசாமல் நடந்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள்: "தாளெல்லாம் நனைந்துவிட்டது, அந்தத் துணியை எடுத்து வா." "நீ எப்போதும் இப்படித்தான்" என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் நிற்கும்; அதை மட்டும் விழுங்கிவிட்டால் பாதி வெற்றி. தாள்களைத் திரும்ப எழுத ஓர் இரவு போதும், அந்த வாக்கியம் பிள்ளையின் மனத்தை விட்டுப் போவதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

உள்ளே இருப்பதைக் கொட்டித் தீர்த்தால்தான் சினம் ஆறும் என்று பரவலாக நம்பப்படுகிறது. தலையணையைக் குத்துவது, கதவை அறைந்து சாத்துவது, யாரிடமாவது புலம்பித் தீர்ப்பது எல்லாம் இந்த நம்பிக்கையில் செய்யப்படுபவை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கைக்கு எதிராக நிற்கிறது. தங்களைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களின் சினம் தணியவில்லை. எதுவும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்குச் சினமும் தாக்கும் போக்கும் கூடுதலாகவே இருந்தன. ஆகவே சினம் எழுந்தவுடன் அதை "வெளியேற்ற" ஒரு வழி தேடாதீர்கள். சற்று நேரம் இடம் மாறுங்கள், சினமூட்டியவரின் முகத்தை மனத்திரையில் ஓடவிடாதீர்கள், உடல் சூடு தணிந்த பிறகு பேசுங்கள். சினம் தணிந்த பிறகும் சொல்ல வேண்டியது ஒன்று மிஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும். அதைச் சொல்லாமல் விடவும் கூடாது.

அடக்கிவைப்பதை நம்பாமல் சூழலை மாற்றுங்கள்

"இனிமேல் அதை நினைக்கவே மாட்டேன்" என்று சபதம் எடுப்பது பயன் தராது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, நினைப்பு வரும்போதெல்லாம் மணியடிக்கச் சொன்ன டேனியல் வெக்னரின் 1987ஆம் ஆண்டு ஆய்வில், மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. பின்னர் கரடியை நினைக்கலாம் என்று சொல்லப்பட்டபோது, முன்பு தடுக்கப்பட்டவர்களே மற்றவர்களைவிட அதிகமாக அதை நினைத்தார்கள். எண்ணத்தை வாசலில் நிறுத்திக் காவல் காப்பது, அந்த எண்ணத்தையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பதாக முடிகிறது. வந்த எண்ணத்தை "வந்திருக்கிறது" என்று ஒப்புக்கொண்டு, கையிலுள்ள வேலைக்குத் திரும்புவதே எளிய வழி.

சிறு குழந்தைகளிடம் வால்டர் மிஷெல் நடத்திய ஆய்வுகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. இப்போதே ஒரு தின்பண்டம், சற்றுக் காத்திருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லப்பட்ட குழந்தைகளில், பண்டம் கண்ணெதிரே இருந்தவர்களைவிட அது மறைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள் நெடுநேரம் தாக்குப்பிடித்தார்கள். வேறு இனிய நினைவுகளில் மனத்தைச் செலுத்தியவர்களும் அவ்வாறே. வைராக்கியத்தைவிட, எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அங்கே விளைவை மாற்றியது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். பிறர் பணத்தைக் கையாள்பவர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் வைக்கட்டும். இரவில் சினத்தோடு பதில் அனுப்பும் பழக்கமுள்ளவர் அந்நேரத்தில் கைபேசியை வேறு அறையில் விட்டுவைக்கட்டும். குடித்தால் கை நீட்டுபவர், கை நீட்டாமல் இருக்கப் பயில்வதற்கு முன் குடியை நிறுத்தட்டும்.

இதோடு, முன்கூட்டியே தெளிவான ஒரு திட்டத்தையும் வகுத்துக்கொள்ளுங்கள். "பொறுமையாக இருப்பேன்" என்ற பொதுவான உறுதி நெருக்கடியில் கைகொடுப்பதில்லை. "கூட்டத்தில் யாராவது என் பேச்சை இடைமறித்தால், அவர் முடிக்கும்வரை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பேன்" என்பது போல, நேரும் சூழலையும் செய்யப்போவதையும் இணைத்த உறுதிகள் வலுவானவை. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இவ்வகைத் திட்டங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் எழுதியதில், எண்ணியதைச் செயலாக்குவதற்கு இவை கணிசமாக உதவுவதாகத் தெரிந்தது. உங்களை வழக்கமாக வீழ்த்தும் சூழல்களை நீங்களே அறிவீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதிவைத்தால் போதும்.

கை ஓங்கியிருக்கும் இடத்தில் கவனம்

மேலதிகாரி கடிந்துகொள்ளும்போது நமக்கும் சினம் வருகிறது, ஆனால் அடக்கிக்கொள்கிறோம். அது அறம் அல்ல, வேலை போய்விடும் என்ற கணக்கு. அதே மாலையில் வீட்டு வேலைக்கு உதவ வந்தவரிடமோ, வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசியை எடுத்த இளைஞரிடமோ, வயதான பெற்றோரிடமோ, பிள்ளையிடமோ அந்தச் சினம் தடையின்றிப் பாய்கிறது. "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்" என்று வள்ளுவர் கேட்டது இதைத்தான். சினம் செல்லுபடியாகும் இடத்தில் காப்பவனே காப்பவன், செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்ற அந்தக் கேள்விக்கு முன்னால், நம் பொறுமையைப் பற்றி நாம் வைத்திருக்கும் நல்லெண்ணம் பெரும்பாலும் நிற்பதில்லை.

சினத்துக்கு மட்டுமல்ல, மற்ற உந்துதல்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தன்கீழ் பணிபுரிபவரிடம் ஈர்ப்புக் கொண்டவர், அவருடைய புன்னகையை இசைவு என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் தன் ஊதியமும் பதவி உயர்வும் யார் கையில் இருக்கின்றனவோ அவரைப் பார்த்துப் புன்னகைக்காமல் இருக்க அவரால் முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மறுக்க முடியாதவரின் இசைவு, இசைவு ஆகாது. மாணவரிடம் ஆசிரியரும், நோயாளியிடம் மருத்துவரும், கடன் வாங்கியவரிடம் கடன் கொடுத்தவரும் இதை மறக்கவே கூடாது.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள விரும்பினால் ஓர் எளிய முறை உண்டு. கடந்த வாரத்தில் நீங்கள் குரலை உயர்த்திய இடங்களை நினைவுக்குக் கொண்டுவந்து, எதிரில் இருந்தவர் யார் என்று மட்டும் எழுதுங்கள்; காரணத்தை எழுத வேண்டாம். காரணம் எப்போதும் நம் பக்கமே பேசும், பெயர்ப்பட்டியல் அப்படிப் பேசுவதில்லை. அதில் உங்களைவிட வலியவர் ஒருவர்கூட இல்லை என்றால், உங்களால் சினத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்பது உண்மையல்ல. கட்டுப்படுத்தும் ஆற்றல் உங்களிடம் இருக்கிறது, அதை யாருக்குச் செலவிடுவது என்றுதான் நீங்கள் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம், ஆனால் இதில்தான் நம்பிக்கையும் இருக்கிறது. இல்லாத ஆற்றலைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை; இருப்பதை இன்னும் சிலருக்கு நீட்டித்தால் போதும்.

நற்குணத்தின் உருவில் வருபவை

எளிதில் அடையாளம் காண முடியாத உந்துதல்களும் உண்டு. தன்னவரைத் தூக்கிவிடும் ஆசை அவற்றுள் முதன்மையானது. ஆன்றி டாஜ்ஃபெல் 1971இல் வெளியிட்ட ஆய்வுகளில், பள்ளி மாணவர்களை அற்பமான ஒரு காரணத்தைச் சொல்லி இரு குழுக்களாகப் பிரித்தார்கள். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத நிலையில், தனக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லாதபோதும், மாணவர்கள் தங்கள் குழுவினருக்கே கூடுதலாகப் பணம் ஒதுக்கினார்கள். வெறும் பெயரளவுப் பிரிவுக்கே இவ்வளவு என்றால், இரத்த உறவும் மொழியும் நட்பும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சொந்தப் பணத்தையும் நேரத்தையும் தன்னவருக்குத் தருவது அன்பு. பொதுவான ஒன்றைப் பங்கிடும் இடத்தில் அமர்ந்துகொண்டு அதையே செய்வது, வெளியே காத்திருக்கும் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து எடுத்துக் கொடுப்பது. அப்படிப்பட்ட பொறுப்பில் இருக்கும்போது, உறவினர் பற்றிய முடிவிலிருந்து முழுதாக விலகி, அதை வேறொருவரிடம் விட்டுவிடுவதே நேர்மையான வழி. "நான் நடுநிலையாகப் பார்ப்பேன்" என்று யாரும் தன்னை நம்பிவிட வேண்டாம்.

அவசரமும் அப்படிப்பட்டதே, கடமை உணர்வு என்ற பெயரில் அது உலவுகிறது. ஜான் டார்லி, டேனியல் பாட்சன் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், இறையியல் மாணவர்களை ஓர் உரை நிகழ்த்த வேறொரு கட்டடத்துக்கு அனுப்பி, வழியில் துன்புற்றுக் கிடப்பவர் போல ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். நேரம் தாராளமாக இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். மிகவும் தாமதமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். ஆய்வில் பங்கேற்ற மாணவர்களில் பாதிப் பேர் பேசப்போன பொருளே வழியில் கிடந்தவருக்கு உதவிய நல்ல மனிதரின் கதை. அதுகூடக் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நல்லவராக நடந்துகொள்ள விரும்புபவர் தன் நாட்குறிப்பில் கொஞ்சம் இடைவெளி விட்டுவைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் நடைமுறைப் பாடம். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதும் அறம் சார்ந்த செயல்தான்.

நேர்ந்துவிட்ட பிறகு

இத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகும் சில நேரங்களில் உந்துதல் முந்திக்கொள்ளும். அப்போது செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலில் தீங்கை நிறுத்துங்கள். பிறகு, பாதிக்கப்பட்டவரிடம் காரணம் சேர்க்காமல் சொல்லுங்கள். "நான் களைப்பாக இருந்தேன், நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்பது மன்னிப்பு அல்ல, வழக்காடல். "நான் உன்னைக் கத்தியது தவறு, அடுத்த முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்து பேசுவேன்" என்பதில் செய்ததும் இருக்கிறது, செய்யப்போவதும் இருக்கிறது. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. தவறை ஒப்புக்கொள்வது எப்படி என்று பிள்ளை வேறு யாரிடம் கற்றுக்கொள்ளும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். மன்னிப்புக் கேட்ட உடனே எதிராளி சமாதானமாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கான நேரத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருடையது.

தன்னை வெறுத்துக்கொண்டே நாட்களைக் கழிப்பதால் பாதிக்கப்பட்டவருக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்கு உடைந்ததைச் சரிசெய்து கொடுப்பதே பயன். பணம் என்றால் திருப்பிக் கொடுங்கள், அவதூறு என்றால் யாரிடம் சொன்னீர்களோ அவரிடமே போய்த் திருத்திச் சொல்லுங்கள்.

ஒரே உந்துதல் திரும்பத் திரும்பச் செயலாகி, வீட்டிலுள்ளவர்கள் உங்களைக் கண்டு பேச்சை நிறுத்தும் நிலை வந்துவிட்டாலோ, கை நீளும் அளவுக்குப் போய்விட்டாலோ, செய்ய விரும்பாத ஒன்றைச் செய்துவிடுவேனோ என்ற அச்சம் உங்களை விடாமல் துரத்தினாலோ, தனியே போராட வேண்டாம். மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். யாரையாவது இப்போதே தாக்கிவிடக்கூடும் என்று தோன்றினால், ஆலோசனைக்கு நாள் குறிக்கும்வரை காத்திராமல், அவரிடமிருந்து உடனே விலகிச் சென்று நம்பகமான ஒருவரை அழையுங்கள். ஆலோசகரிடம் போகும்போது, எப்போது, யாரிடம், எதற்கு முன்பு அந்த உந்துதல் எழுந்தது என்று குறித்துவைத்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே அவர் கேட்கப்போவது பெரும்பாலும் அதைத்தான்.